இறங்கிய சூடு

தங்கைக்கு ஆராய்ச்சியில் நல்ல முடிவு கிடைத்த வாரத்திலிருந்துதான் எங்கள் வீட்டில் யாராலும் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. யாரும் என்றால் நானும் அவளும் மட்டும். வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் தெருக்களில் ஒன்றில் மாடி வீடு எடுத்திருக்கிறோம். நான் ஒரு நாளிதழின் நிருபர். அவள் ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள்.

அவள் தோசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தபடி சாப்பிட ஆரம்பித்திருந்தாள். மின்விசிறியைப் போடுவாள், உடனே அணைப்பாள். துணி காயப் போட மாடிக்குப் போய், துணியில்லாமல் கீழே வருவாள். அப்போதுதான் வாளியை எங்கே வைத்தோம் என்று தேடுவாள். தோல்வி வந்தபோதெல்லாம் இப்படி இருந்ததில்லை. முந்தைய வருஷம் மெஷினில் வெட்டும் கட்டர் உடைந்து இரண்டு மாத வேலை போனபோது நன்றாகத் தூங்கினாள்.

அவளுடைய ஆராய்ச்சி அலுமினியக் கலவையை அதிவேகத்தில் வெட்டுவது பற்றியது. மில்லிங் மெஷினில் கட்டர் சுழன்று வெட்டும்போது எவ்வளவு விசை எழுகிறது, எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதுதான் கேள்வி. தொடக்கத்தில் ஒரு நாள், நிருபருக்கு விளக்குகிற மாதிரி சொல்லு என்று கேட்டேன்.

"நிருபருக்கா? அப்ப இன்னும் எளிமையா சொல்லணுமே" என்றாள். "கட்டர்ல பல்லு இருக்கு. ஒவ்வொரு பல்லும் அலுமினியக் கட்டியை ஒரு கடி கடிக்கும். கடிக்கறப்ப கட்டி திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளுதான் விசை. கடிச்ச இடம் சூடாகும். வேகத்தை ஏத்திக்கிட்டே போனா தள்ளு கம்மியாகும். அது எல்லாரும் ஒத்துக்கிட்டது. சூடு என்னாகும்கறதுலதான் சண்டை."

வேகம் கூடக் கூடச் சூடும் ஏறிக்கொண்டேதான் போகும், உலோகம் உருகும் நிலையை நெருங்கும்போதுதான் அடங்கும் என்பது ஒரு கட்சி. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சூடு ஏறுவதை விட்டு இறங்கத் தொடங்கும் என்பது இன்னொரு கட்சி. பல தலைமுறைகளாக நடக்கும் வாதம் இது. விமானத்துக்கான பாகங்களை முழுக் கட்டியிலிருந்து மெல்லிய சுவர்களாகக் குடைந்து எடுக்கிறார்கள். அதிகச் சூடு அந்தச் சுவரை முறுக்கிவிடும். அதனால் சூடு இறங்குகிறது என்று யார் காட்டினாலும் அது நல்ல செய்தி.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரத்தில், தங்கையின் சோதனையில் சூடு இறங்கியது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மகிழ்ந்துபோனார். ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் அதுதான் என்று சொல்லிவிட்டார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஆய்வுக் குழு கூடுகிறது. அவளுக்கு ஏற்கெனவே கால நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான்கு அத்தியாயங்களும் நின்றால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். நிற்காவிட்டால் குழு பதிவையே ரத்து செய்யலாம். அவ்வளவு வருஷ வேலையும் வீடும் கல்லூரியுமாக அலைந்த அலைச்சலும் அந்த ஒரு அறையில் முடிவாக வேண்டியிருந்தது.

பௌர்ணமி அன்று அவளைக் கல்லூரியில் விட நானே ஸ்கூட்டரை எடுத்தேன். கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தால் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பைபாஸில் போகும்போது பின் இருக்கையில் அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. வண்டி லேசாக அதிர்ந்தது.

"ஏய், காலை ஆட்டாதடி. வண்டி இழுக்குது."

"வண்டி சர்வீஸ் பண்ணி எவ்ளோ நாளாச்சு? என் காலைச் சொல்ற."

அன்று அவள் உச்ச வேகத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள் என்பதால் நானும் உள்ளே போனேன். சொந்தத் தங்கையைப் பற்றிச் செய்தி எழுத முடியாது. வேடிக்கை பார்க்கத் தடையில்லை. மெஷின் ஒரு சிறிய அறை அளவு இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பலகை போன்ற ஒரு கருவி. அது விசையை அளப்பது. எடை பார்க்கும் மெஷின் மாதிரிதான், ஆனால் பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்து அளக்கும் என்றாள். அதன் மேல் அலுமினியக் கட்டியை முடுக்கியிருந்தார்கள். எதிரே முக்காலியில் ஒரு கேமரா. அது வெளிச்சத்தைப் படம் பிடிப்பதில்லை, சூட்டைப் படம் பிடிக்கிறது. கட்டியின் மேல் விளிம்பைக் கட்டர் வெட்டும்போது, அதற்குக் கீழே உள்ள பக்கச் சுவர் எவ்வளவு சூடாகிறது என்று அது பார்க்கும்.

மெஷினை இயக்கும் ஆபரேட்டர் அடி அண்ணாமலைக்காரர். நாற்பதைத் தாண்டியவர். கொஞ்சம் நிலம் இருக்கிறது, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார். நெற்றி நிறைய விபூதி.

"நீங்கதான் பேப்பர் மேடமா?" என்றார். "எங்க ஊர்ல தண்ணி வரலைன்னு போட்டீங்களே."

"ஆமாங்க. வந்துதா?"

"பேப்பர்தான் வந்துச்சு."

அவர் பொத்தானை அழுத்தினார். முதலில் ஒரு ரீங்காரம். பிறகு அது ஏறி ஏறிக் காதுக்குள் ஊசி போலக் குத்தும் விசிலாக மாறியது. கட்டர் கட்டியைத் தொட்டதும் துருவல்கள் வெள்ளி மழையாகப் பறந்து கண்ணாடியில் அடித்தன. வெட்டு என்று நான் நினைத்து வைத்திருந்த எதுவும் அங்கே இல்லை. கத்தி இறங்கும் அழுத்தமோ முனகலோ கிடையாது. கட்டி ஒரு விளிம்பை இழந்திருந்தது, அவ்வளவுதான். விழுந்திருந்த துருவல் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன். ஆபரேட்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"தொடாதீங்க. சூடு பூரா அதுலதான் போவுது. கட்டிய வேணா தொடுங்க."

கட்டியைத் தொட்டேன். வெயிலில் நின்ற ஸ்கூட்டர் இருக்கை அளவுக்கு இருந்தது.

கணினியில் எண்கள் வந்தன. சூடு மறுபடியும் கம்மி. ஆபரேட்டர் கைகளைத் தட்டினார். தங்கை எண்களைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்து மறுபடி பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து எனக்கு வரைபடத்தைக் காட்டினாள். விசைக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு. வேகம் கூடக் கூட விசைக் கோடு சரிவான பாதைபோல மெல்ல இறங்கியது. சூட்டுக் கோடு ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று கீழே விழுந்தது.

"விசை சரிவுல இறங்குது. சூடு படியில இறங்குதுக்கா."

"அதுதானே வேணும்?"

"இறங்கணும்னா முதல்ல ஏறுறது மெதுவாகணும், அப்பறம் வளையணும், அப்பறம் இறங்கணும். இது மாடிலருந்து குதிச்ச மாதிரி இருக்கு."

இது எனக்குத் தெரிந்த விஷயம். கலெக்டர் அலுவலகத்தில் வாராவாரம் புள்ளிவிவரத் தாள்கள் கொடுப்பார்கள். ஒரு தாலுகாவின் எண்கள் மெல்ல மெல்ல மேம்பட்டால் ஏதோ வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். ஒரே வாரத்தில் மேம்பட்டால் அங்கே யாருக்கு மாறுதல் வந்தது என்று விசாரிப்பேன்.

"படிக்கு முன்னாடி, படிக்குப் பின்னாடி. நடுவுல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல. அதே மெஷின், அதே கட்டர். கட்டி எல்லாம் ஒரே வார்ப்புல வந்தது. கேமராவும் வச்ச இடத்துலயே இருக்கு."

"அப்ப நடுவுல என்ன நடந்தது?"

"லீவு விட்டாங்க" என்றாள். "ஆயுத பூஜை. படி வர்ற வேகம் வரைக்கும் லீவுக்கு முன்னாடி வெட்டுனது, அதுக்கு மேல எல்லாம் அப்பறம்."

அதற்கு மேல் அன்று அந்தப் பேச்சு போகவில்லை. அவள் எழுந்து போய்ப் பால் காய்ச்சினாள். பொங்கவிட்டாள். நான் மடிக்கணினியில் அந்தச் சூட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவற்றில் ஒன்றும் புரியாது. ஆனால் படம் என்றால் ஓரத்திலிருந்து பார்ப்பது என் தொழில் பழக்கம். மேடையில் நிற்பவரை எல்லாரும் பார்ப்பார்கள். பின்னால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதில்தான் செய்தி இருக்கும். விடுமுறைக்குப் பிறகு வெட்டிய முதல் கட்டியின் படத்தில், கருநீலமாகக் கிடந்த பக்கச் சுவரின் ஓரத்தில் மூன்று கோடுகள் இருந்தன. கிடைமட்டமாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, சுற்றியுள்ள நீலத்தைவிட வெளிச்சமாக.

"இது என்னடி?"

"எது? அதுவா, டியூப்லைட் பிரதிபலிப்பு. மேல மூணு இருக்கு."

"டியூப்லைட் ஒரு முனையில மெலிஞ்சு போகுமா?"

அவள் துடைக்கும் துணியோடு வந்து குனிந்தாள். கோடுகள் இடது பக்கம் தடிமனாகவும் வலது பக்கம் தேய்ந்தும் இருந்தன. விரல் ஆரம்பித்த இடமும் விலகிய இடமும் தெரிந்தன. எங்கள் ஊரில் இதை எழுத்துக்கு முன்பே படிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

"பட்டை" என்றேன். "விபூதிப் பட்டை."

அவள் துணியை மேசையில் வைத்தாள். பிறகு அது சூட்டைக் காட்டும் படம் என்பதை எனக்கு நினைவுபடுத்துவதுபோல மெதுவாகச் சொன்னாள்: "விபூதி இருக்கற இடம் ஜாஸ்தியா காட்டுது. ஆனா சூடு ஒண்ணுதான்."

அந்தக் கேமராவின் சங்கதி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பரப்பும் அந்தச் சூட்டை ஒரே அளவில் வெளியே விடுவதில்லை. மங்கிய பரப்பு தாராளமாக விடும். பளபளக்கும் பரப்பு உள்ளேயே வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் அறையைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். அதனால் எந்தப் பரப்பைப் பார்க்கிறோம் என்பதைக் கேமராவுக்கு முன்கூட்டியே ஒரு எண்ணாகச் சொல்லிவிட வேண்டும். கட்டிகள் வந்தபோது இருந்த சாம்பல் நிற மங்கலுக்கு ஏற்ப அவள் அதைச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை வகுப்புகள் தொடங்குமுன் ஆய்வகத்துக்குப் போனோம். ஆபரேட்டர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பூஜைக்கு என்னென்ன க்ளீன் பண்ணீங்க?"

"எல்லாத்தியும்தான் மேடம்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மெஷின மண்ணெண்ண போட்டுத் தொடச்சேன். டூல்ஸ் பூரா கழுவி வச்சேன். உங்க கட்டிங்க இருந்துச்சே, ஒரே கருப்பு அடிச்சிக்கினு, அழுக்கா. சாமி முன்னாடி அப்படியே வெக்க முடியுமா? உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். அப்பறம் எமரித் தாளு. மூஞ்சி தெரிஞ்சிது மேடம் அதுல. பட்ட போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, பொரியெல்லாம் படச்சோம். நீங்கதான் ஊருக்குப் போயிட்டீங்க."

"எல்லாக் கட்டியுமா?"

"உங்க படிப்பாச்சே. ஒண்ணு தேச்சு ஒண்ணு வுடுவேனா?"

சந்தனத்தையும் குங்குமத்தையும் வெட்டுமுன் அவரே துடைத்திருந்தார். எமரி கீறிய நுண்ணிய கோடுகளுக்குள் விபூதி கொஞ்சம் தங்கிவிட்டது. தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"பட்டை போட்டது கட்டிக்கு. நாமம் எனக்கு" என்றாள்.

ஆபரேட்டருக்கு அது புரியவில்லை. ஆனால் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். அவரிடம் வாயால் விளக்குவதற்குப் பதில் அவள் ஒரு மின் அடுப்பை எடுத்து வைத்தாள். வெட்டி முடித்த பளபளப்பான கட்டி ஒன்றை அதன் மேல் ஏற்றினாள். பக்கச் சுவரின் ஒரு பாதியில் அவருடைய டப்பாவிலிருந்தே விபூதியைக் குழைத்துப் பூசினாள். சூட்டைத் தொட்டு அளக்கும் கம்பியை இரண்டு பாதியிலும் வைத்தாள். இரண்டிலும் ஒரே எண். கேமராவைத் திருப்பினாள். விபூதிப் பாதி எரிவதுபோல மஞ்சளாக இருந்தது. பளபளப்பான பாதி குளிர்ந்த நீலமாகக் கிடந்தது.

"ஒரே கட்டிதான மேடம்?"

"ஒரே கட்டிதான் அண்ணா. ஒரே சூடுதான்."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் தேச்சதாலதான் எறங்கிச்சா?"

"தேய்ச்சது நீங்க. திரும்பி வந்ததும் பாத்து, சூப்பரா இருக்குண்ணான்னு சொன்னது நான்" என்றாள். "அப்பவே கேமராவுக்குக் குடுத்த எண்ணை மாத்தியிருக்கணும்."

அவள் விஷயத்தைச் சொல்லப் பேராசிரியரின் அறைக்குள் போனாள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"விசை ரீடிங் எல்லாம் சரியா இருக்கில்ல?"

"இருக்கு சார். அதுக்குப் பளபளப்பு தெரியாது."

"சூடு இறங்கும்னு ஏற்கெனவே சொன்னவங்க இருக்காங்க. உன்னது அதோட ஒத்துப்போகுது. தேய்க்காத கட்டியில வெட்டியிருந்தாலும் இறங்கியிருக்கலாம் இல்லையா?"

"இறங்கியிருக்கலாம் சார்."

"இறங்கலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாதத வச்சு ஒரு அத்தியாயத்தத் தூக்கிப் போடுவியா? கமிட்டிக்கு நாள் இல்லம்மா. யோசிச்சுக்கோ."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரி. எழுதிக் கொடுத்தால் எந்த நாளிதழின் ஆசிரியர் குழுவும் ஒரு சொல்லைக்கூட அடிக்காது.

வெளியே வந்தவள் நடைபாதையில் வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஆய்வகத்தின் வாசலில் கால் தடுக்கி நின்றாள். கீழே பார்த்தாள். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு அலுமினியக் கட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மங்கலாக, செருப்புக் கீறல்களோடு, வந்த நாள் நிறத்திலேயே இருந்தது. ஆபரேட்டர் தேய்த்த வரிசையில் அது சேரவில்லை.

"இது என்னோடதா?"

"உங்களுதுதான்" என்றார் ஆபரேட்டர். "கதவுக்கு இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அந்த ஒன்றுதான் மீதி. ஒரே வார்ப்பில் வந்த கட்டிகளில் வெட்டப்படாதது வேறு இல்லை. இந்த முறை மங்கலை நம்பவும் அவள் தயாராக இல்லை. கடைத் தெருவில் ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கரும்பலகைக்கு அடிக்கும் கருப்புப் பெயிண்ட் வாங்கி வந்தேன். கட்டியின் பக்கச் சுவர் முழுக்க அவளே அடித்தாள். காய்ந்ததும் மின் அடுப்பில் வைத்து, தொட்டு அளக்கும் கம்பியும் கேமராவும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று சரிபார்த்தாள். சொன்னன.

கருப்பு அடித்த கட்டியை மெஷினில் ஏற்றும்போது ஆபரேட்டர் தயங்கினார். "மொத்தமும் கருப்பாக் கீது மேடம். மெஷின்ல ஏத்தறப்ப ஒரு மாதிரியா இருக்கு."

"திருஷ்டிக்குன்னு வச்சுக்கோங்கண்ணா."

"அதுக்கு ஒரு பொட்டு போதும். நீங்க புள்ளைக்கு மொகம் பூரா அப்பிட்டீங்க."

குறைந்த வேகத்திலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு வெட்டு. விசில் ஏறியது. துருவல் கண்ணாடியில் அடித்தது. விசை முன்பு போலவே மெல்லச் சரிந்தது. சூடு ஏறியது. படி வந்த இடத்துக்கு வந்தோம். தங்கை தன் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை ஒரு தடவையும் திரையை ஒரு தடவையுமாகப் பார்த்தேன். அந்த வேகத்தைத் தாண்டினோம். சூடு விழவில்லை, கொஞ்சம் ஏறியது. உச்ச வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஏறும் வேகம் குறைந்திருந்தது. கோடு மேலே போய் மெல்லச் சாய்ந்து படுக்கப் பார்த்தது. ஆனால் இறங்கவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டுங்கண்ணா."

ஓட்டினார். இறங்கவில்லை.

அவள் அங்கேயே நின்று பேராசிரியருக்குப் போன் செய்தாள். "சார், இறங்கல" என்றாள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "கமிட்டிக்கு நீயே சொல்லிக்கோம்மா."

குழு கூடிய நாளில் தீபத்துக்கான தடுப்புகளைச் சாலையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் அலுவலகத்தில் ஏற்பாடுகள் பற்றிப் பேட்டி இருந்தது. நான் போகவில்லை. வேறொரு நாளிதழ் நண்பரிடம் குறிப்பு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கல்லூரி மரத்தடியில் நின்றேன். பிறகு நடந்தேன். கேன்டீன் வரை போய்த் திரும்பினேன். டீ வாங்கி, குடிக்காமல் வைத்தேன். ஆபரேட்டரும் வந்து கொஞ்ச தூரம் தள்ளி நின்றார்.

அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னடி?"

"பதிவு போகல."

"அப்பறம்?"

"வெளியூர்லருந்து வந்தவர் ஒருத்தர் விபூதிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. முதல்லயே ஏன் கருப்பு அடிக்கலன்னு கேட்டாரு. தோணலன்னேன். அவரு சிரிக்கல. ஒரு கட்டிய வச்சு எதையும் சொல்ல முடியாது, சூட்டுக்கு மட்டும் மொத்தமா மறுபடி வெட்டுன்னுட்டாங்க. எல்லா வேகமும். கடைசித் தடவையா டைம் குடுத்திருக்காங்க. நம்ம சார் ஒரு வார்த்தை பேசல. கையெழுத்து மட்டும் போட்டாரு."

ஆபரேட்டர் கிட்டே வந்தார். "இன்னா மேடம் சொன்னாங்க?"

"மொத்தமும் திரும்ப வெட்டணும்ணா."

"வெட்டிரலாம்" என்றார். உடனே சேர்த்துக்கொண்டார்: "தேய்க்க மாட்டேன்."

அவள் அதற்குள் கட்டி அனுப்பும் பெங்களூர்க்காரரை போனில் பிடித்துவிட்டாள். தீபம் முடியும்வரை லாரி ஊருக்குள் வராது, அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று அவர் சொல்வது கேட்டது. ஊருக்குள்ள வரவேணாம், வேலூர் வரைக்கும் அனுப்புங்க, நான் வந்து தூக்கிக்கறேன் என்றாள். அவர் கட்டியின் எடையைச் சொன்னார் போலிருக்கிறது. பரவாயில்லை, ஆட்டோ பிடிச்சுக்கறேன் என்றாள். போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான் இன்னும் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"கிளம்புக்கா."

"எங்கடி? வேலூருக்கு இன்னிக்கேவா?"

"எங்கயாவது ஓட்டு. நிக்க முடியல."

சாவி கிடைத்தது. வண்டியைக் கிளப்பினேன். பின்னால் அவள் முழங்கால் ஆட ஆரம்பித்தது. தடுப்புகளுக்கு நடுவே இடம் இருந்த பக்கமாகத் திருப்பினேன்.